டொக்டருக்கு மறதி வந்தால் யார் கவனிப்பது? வன்னியின் சிறு வைத்தியசாலைகளை முன்வைத்து

மறதி என்றால் நாங்கள் நோயாளியைத்தான் நினைக்கிறோம். காலையில் போட்ட பிரஷர் குளிசையை மத்தியானமும் போட்டுவிடும் ஆச்சி, கிளினிக் கொப்பியை எங்கே வைத்தோம் என்று தெரியாமல் வீடு முழுக்கத் தேடும் அப்பு. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து மருந்து எழுதுகிறவருக்கும், அதை எண்ணிக் கொடுக்கிறவருக்கும், ஊசி போடுகிறவருக்கும் வயது போகிறது, நித்திரை கெடுகிறது, மனம் சோர்கிறது என்பதை நாங்கள் நினைப்பதில்லை. நினைத்தாலும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

பெரிய வைத்தியசாலையில் ஒருவர் விடும் பிழை நோயாளியிடம் போய்ச் சேர்வதற்கு முன் பல பேரைத் தாண்ட வேண்டும். வைத்திய நிபுணர் பிழையான அளவைச் சொன்னால் கூட நிற்கும் இளம் டொக்டர் ஒரு தரம் நிமிர்ந்து பார்ப்பார். விடுதிக்குப் பொறுப்பான தாதி, “சேர், இது சரிதானா?” என்று கேட்பார். மருந்தகத்தில் இருப்பவர் தொலைபேசியை எடுப்பார். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் அதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலைகளிலும் ஓரளவு இருக்கிறார்கள். ஆனால் இலங்கையின் வடக்கே உள்ள வன்னிப் பெருநிலப்பரப்பு, அதனூடாகப் போகும் ஏ9 பிரதான வீதியின் இரு கரையோடு முடிந்துவிடுவதில்லை. துணுக்காய், நெடுங்கேணி, ஒட்டுசுட்டான், பூநகரி, மடு என்று உள்ளே போகப் போக வைத்தியசாலைகள் சிறுக்கின்றன. ஒரு நேரத்தில் கடமையில் இருப்பவர் ஒரே ஒரு டொக்டர், ஒரு தாதி, ஒரு மருந்துக் கலவையாளர், ஒரு சிற்றூழியர் என்று ஆகிவிடுகிறது. குடும்பநல உத்தியோகத்தரோ தன் ஸ்கூட்டியில் தனியாகவே கிராமம் கிராமமாகப் போகிறவர்.

சுகாதாரப் பணியாளர் ஒருவரின் சிந்தனைத் திறன் குறையும்போது ஆபத்து எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது அவருடைய வயதை விட, அவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் இருக்கிறாரா, இருந்தால் அவரால் வாய் திறக்க முடிகிறதா என்பதுதான். வன்னியில் இந்த இரண்டுமே குறைவு. வயதை மட்டும் வைத்து இந்தப் பிரச்சினையைத் தீர்க்கப் பார்ப்பது தவறு என்றே நான் நினைக்கிறேன்.

எது குறைகிறது, எது குறைவதில்லை

மூளையின் வேலைகள் எல்லாம் ஒரே வேகத்தில் தேய்வதில்லை. ரேமண்ட் கட்டெல் என்ற உளவியலாளர் 20 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே அறிவை இரண்டாகப் பிரித்துக் காட்டினார். புதிதாக வரும் சிக்கலை அந்த இடத்திலேயே பிரித்துப் பார்த்துத் தீர்க்கும் திறன் ஒன்று. வாழ்நாள் முழுக்கச் சேர்த்துவைத்த அறிவு மற்றொன்று. முதலாவது இளம் வயதிலேயே உச்சத்துக்குப் போய், பிறகு மெல்ல இறங்கத் தொடங்குகிறது. எதையும் கிரகிக்கும் வேகமும், ஒரே நேரத்தில் நாலு விஷயத்தை மனதில் நிறுத்தி வைக்கும் செயல் நினைவும் இதைச் சேர்ந்தவை. இரண்டாவது அறுபது கடந்தும் நன்றாகவே நிற்கிறது.

வன்னியில் இதற்குப் பாம்புக்கடியை விட நல்ல உதாரணம் இல்லை. விடியப்புறம் ஒரு பொடியனைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள் என்று வையுங்கள். இரவு தரையில் பாய் போட்டுப் படுத்தவன். வயிற்றுக்குத்து என்கிறான். காயம் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. புதிதாக வந்த டொக்டர் வயிற்றைத்தான் அமுக்கிப் பார்ப்பார். இருபது வருடம் இந்த மண்ணில் வேலை செய்தவர் பொடியனின் இமையைப் பார்ப்பார். இமை கீழே இறங்குகிறதென்றால் எட்டடி விரியன் என்று முதலில் அவர் மனதில்தான் படும். எட்டடி விரியன் இரவில் தரையில் நித்திரை கொள்பவரைக் கடிக்கும், கடித்த இடம் பல நேரம் தெரியவே தெரியாது, வயிற்று வலியோடு தொடங்கி இமை, தொண்டை, கடைசியில் மூச்சுத் தசை என்று வாதம் ஏறும். புடையன் கடித்தவரின் இரத்தத்தைச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசையாமல் வைத்து உறைகிறதா என்று பார்க்கவேண்டும் என்பதும் அவருக்கு நித்திரையிலும் நினைவிருக்கும். இந்த அறிவு இலேசில் போகாது.

இப்போது அதே டொக்டர் ஓ.பி.டி. எனும் வெளிநோயாளர் பிரிவில் இருக்கிறார். வெளியில் நீண்ட வரிசை. பன்னிரண்டு கிலோ எடையுள்ள பிள்ளைக்குக் காய்ச்சல். பரசிட்டமோல் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்றால் 180 மில்லிகிராம் வேண்டும். பாணி மருந்தில் 5 மில்லிலீற்றருக்கு 120 மில்லிகிராம் இருக்கிறது. அப்படியென்றால் 7.5 மில்லிலீற்றர். கணக்கு சின்னதுதான். ஆனால் இந்த நாலு எண்களையும் மனதில் பிடித்துக்கொண்டிருக்கும்போதே கதவடியில் ஒருவர் சண்டை பிடிக்கிறார், தாதி ஒரு ரிக்கட்டை (நோயாளியின் குறிப்புத் துண்டை) நீட்டுகிறார், தொலைபேசி அடிக்கிறது. திறன் குறையத் தொடங்கியவர் முதலில் தடுமாறுவது இங்கேதான். அபூர்வ நோயைக் கண்டுபிடிப்பவர் சாதாரணக் கணக்கில் சறுக்குவதைப் பார்ப்பவர்களுக்கு நம்ப முடியாமல் இருக்கும். “எவ்வளவு கெட்டிக்காரன், ஏதோ அவசரத்தில் விட்டிருப்பார்” என்று சொல்லிவிடுவார்கள்.

இடையூறு என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு அவுஸ்திரேலியாவின் சிட்னியில் தாதியரைப் பின்தொடர்ந்து செய்த ஓர் ஆய்வு இருக்கிறது. 2010 இல் வெளியானது. மருந்து கொடுத்துக்கொண்டிருக்கும் தாதியை யாராவது ஒரு தடவை குறுக்கிட்டாலே மருத்துவப் பிழைகள் 12.7 சதவீதம் கூடுவதாக அது கண்டது. இது நல்ல நினைவாற்றல் உள்ளவர்களையும் சேர்த்த கணக்கு.

அனுபவத்துக்கும் ஒரு ஆபத்தான பக்கம் உண்டு. பார்த்தவுடன் இது இன்னது என்று முடிவுகட்டும் பழக்கம் வயதோடு வலுக்கிறது. அந்த முடிவைத் திரும்பக் கேள்வி கேட்கும் திறன்தான் தேய்கிறது. மழைக்காலத்தில் வரும் காய்ச்சல் எல்லாம் டெங்குதான் என்ற நினைப்போடு இருப்பவருக்கு, வயலில் இறங்கி வேலை செய்தவரின் காய்ச்சல் எலிக்காய்ச்சலாக இருக்கலாம் என்று தோன்றப் பிந்தலாம். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் அடுத்தடுத்து நேர்ந்த மரணங்கள் எலிக்காய்ச்சலால் என்று தெரியவந்தபோது, ஒரு காய்ச்சலை மீண்டும் ஒரு தடவை யோசித்துப் பார்ப்பது எவ்வளவு முக்கியம் என்று வடக்கு முழுவதும் உணர்ந்தது.

ஆய்வுகள் வயதைப் பற்றி என்ன சொல்கின்றன

ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சில ஆய்வாளர்கள் 2005 இல் ஒரு தொகுப்பாய்வை வெளியிட்டார்கள். வைத்தியர்களின் பணி வருடங்களையும் சிகிச்சைத் தரத்தையும் ஒப்பிட்ட 62 ஆய்வுகளை எடுத்துப் பார்த்தார்கள். அவற்றில் பாதிக்குச் சற்று மேல், வருடங்கள் கூடக் கூடத் தரம் குறைகிறது என்றே சொல்லின. அனுபவம் கூடினால் தரமும் கூடும் என்று நம்பியிருந்த மருத்துவ உலகத்துக்கு அது அதிர்ச்சி. அதன் பிறகு அமெரிக்க வைத்தியசாலைகளில் அனுமதிக்கப்பட்ட முதியவர்களைப் பற்றிய பெரிய ஆய்வொன்று 2017 இல் வந்தது. 40 வயதுக்குக் குறைந்த டொக்டர்கள் பார்த்த நோயாளிகளில் 30 நாளுக்குள் இறந்தவர்கள் 10.8 சதவீதம். 60 கடந்த டொக்டர்களின் நோயாளிகளில் அது 12.1 சதவீதம்.

இதோடு நிறுத்தினால் வயதான டொக்டரிடம் போகவேண்டாம் என்றுதான் யாரும் முடிவு கட்டுவார்கள். ஆனால் அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது. நிறைய நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்துவந்த வைத்தியர்களிடையே வயதால் எந்த வித்தியாசமும் இருக்கவில்லை. அடுத்த வருடம் கிட்டத்தட்ட அதே ஆய்வாளர்கள் சத்திரசிகிச்சை நிபுணர்களைப் பார்த்தபோது நிலைமை தலைகீழாக இருந்தது. வயது கூடிய நிபுணர்களின் நோயாளிகளிடையே மரணம் சற்றுக் குறைவு.

வன்னிக்கு இதில் மிக முக்கியமானது வயது பற்றிய எண் இல்லை, பார்க்கும் நோயாளிகளின் தொகை பற்றிய அந்தக் குறிப்புத்தான். சிறு வைத்தியசாலையில் ஓ.பி.டி. நிரம்பி வழியும், ஆனால் பாரதூரமான நோயாளி எப்போதாவதுதான் வருவார். வந்தவரையும் அம்புலன்ஸில் ஏற்றி மாவட்ட வைத்தியசாலைக்கு அனுப்பிவிடுவார்கள். அனுப்புவது சரியான முடிவுதான். ஆனால் மாதக்கணக்கில் ஒரு அவசரத்தையும் கையாளாத கை மறந்துபோகும். அது முப்பது வயதுக் கைக்கும் நடக்கும். எனவே இங்கே ஒருவர் தடுமாறினால், அது மூளை தேய்வதாலா, பழக்கம் விட்டுப்போனதாலா என்று முதலில் பிரித்தறிய வேண்டும். பழக்கம் விட்டுப்போனதென்றால் கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ உள்ள அவசர சிகிச்சைப் பிரிவில் சில வாரம் வேலை செய்தாலே தீர்ந்துவிடும்.

தன்னைத் தானே கவனிக்க முடியாது

“எனக்கு ஏலாமல் வந்தால் நானே விட்டுவிடுவேன்” என்று சொல்லாத டொக்டரோ தாதியோ இல்லை. அவர்கள் அதை நேர்மையாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் வைத்தியர்கள் தங்களைப் பற்றித் தாங்களே செய்யும் மதிப்பீட்டை வெளியார் செய்த மதிப்பீட்டோடு ஒப்பிட்ட ஆய்வுகளைத் திரட்டி 2006 இல் ஒரு கட்டுரை வந்தது. இருபது ஒப்பீடுகளில் பதின்மூன்றில் இரண்டுக்கும் தொடர்பே இருக்கவில்லை, அல்லது மிகக் குறைவாக இருந்தது, அல்லது நேர்மாறாக இருந்தது. திறமை ஆகக் குறைந்தவர்களிடமும் தன்னம்பிக்கை ஆகக் கூடியவர்களிடமுமே சுயமதிப்பீடு ஆக மோசமாகப் பிழைத்தது. மறதி நோயில் இது இன்னும் மோசம். தன் குறையை உணரும் திறனையே அந்த நோய் பல பேரிடம் முதலில் தின்றுவிடுகிறது. நெற்றிப் பக்கத்து மூளையைத் தாக்கும் ஒரு வகை, ஐம்பதுகளிலேயே கூட வரும். அதில் ஞாபகம் நன்றாகவே இருக்கும். குணம்தான் மாறும். பொறுமையாக இருந்தவர் எரிந்து விழுவார், கூச்சப்பட்டவர் கண்டபடி கதைப்பார், நோயாளியின் வலி அவரைத் தொடாது. வைத்தியசாலை ஊழியர்கள் அதை நோய் என்று நினைக்கவே மாட்டார்கள். “டொக்டருக்கு இப்ப தலைக்கனம்” என்பார்கள்.

ஆக, கவனிக்கக்கூடியவர் பக்கத்தில் இருப்பவர்தான். அவர் என்ன செய்கிறார்?

பெரும்பாலும் மறைத்துவிடுகிறார், அதுவும் அன்பினால். டொக்டர் நேற்று எழுதியதையே இன்றும் திரும்ப எழுதுகிறார் என்று கண்ட தாதி, சத்தமில்லாமல் பழைய ரிக்கட்டை எடுத்து முன்னால் வைக்கிறார். ஒரே பெயரில் இரண்டு பேர் கிளினிக்குக்கு வந்தால் மருந்துக் கலவையாளர் தானாகவே ஊரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் கேட்டுச் சரிபார்க்கிறார். மூட்டுவாதத்துக்குக் கிழமைக்கு ஒரு தடவை மட்டும் போடவேண்டிய மெத்தோட்ரெக்சேட் நாளாந்தம் என்று எழுதப்பட்டு வந்தால், அவர் தன் பேனாவாலேயே திருத்தித் துண்டைக் கொடுக்கிறார். அந்தக் குளிசையை நாளாந்தம் போட்டால் எலும்பு மச்சை ஒடுங்கி ஆள் இறந்துபோகலாம். அந்தத் திருத்தம் ஓர் உயிரைக் காப்பாற்றுகிறது. அதே திருத்தம், அந்த டொக்டருக்கு என்ன நடக்கிறது என்பதை எல்லோரிடமிருந்தும் மறைத்தும் விடுகிறது. கலவையாளர் இடமாற்றத்தில் போகும் வரைக்கும் வெளியில் ஒன்றும் தெரியாது. அவர் போன பிறகு அதே துண்டு இன்னொருவர் கைக்குப் போகும். அவருக்குச் சந்தேகிக்கத் தெரியாது.

இந்த மறைப்புக்கு வன்னியில் வேறெங்கும் இல்லாத ஒரு காரணமும் உண்டு. யுத்தத்தின் கடைசிக் கட்டமான 2009 இன் முதல் மாதங்களில், வைத்தியசாலை என்ற பெயரில் பள்ளிக்கூடக் கட்டடத்திலும் தறப்பாளின் கீழும் இயங்கிய இடங்களில், செல் விழ விழ நின்று வேலை செய்த டொக்டர்களும் தாதியரும் தொண்டர் ஊழியர்களும் இருக்கிறார்கள். மருந்து முடிந்த பிறகும் காயக்காரரை விட்டுப் போகாதவர்கள். அவர்களில் இன்றும் பணியில் இருப்பவர்கள் உண்டு. பிள்ளையின் காலைக் காப்பாற்றித் தந்த ஒரு கையைப் பற்றி, “இப்ப அந்தக் கை நடுங்குது” என்று மேலிடத்துக்கு யார் எழுதுவார்கள்? எழுதினால் அது துரோகமாகத் தெரியும். ஊர்ச் சனத்துக்கோ அவர் கைராசியானவர். அவரிடம் ஒரு தரம் மருந்து வாங்கினாலே காய்ச்சல் விட்டுவிடும் என்ற நம்பிக்கை. இந்தக் கடனை நான் இலேசாக எடுக்கவில்லை. அது உண்மையான கடன். ஆனால் அதைத் தீர்க்கும் வழி அவருடைய நோயை மூடி மறைப்பது ஆகாது. ஒரு நாள் பிழையொன்று நடந்து, விசாரணை வந்து, பத்திரிகையில் பெயர் வந்து, அவ்வளவு காலச் சேவையும் அந்த ஒரு தலைப்புச் செய்தியாகச் சுருங்கிப்போக விடுவதுதான் அவருக்குச் செய்யும் பெரிய அநியாயம்.

மௌனம் நமது ஊருக்கு மட்டும் உரியதும் அல்ல. அமெரிக்க வைத்தியர்களிடம் நடத்தி 2010 இல் வெளியான கருத்தாய்வில் 17 சதவீதம் பேர், தம்மோடு வேலை செய்யும் ஒரு வைத்தியர் வேலை செய்யத் தகுதியற்ற நிலையில் இருப்பது தங்களுக்கு நேரடியாகத் தெரியும் என்றார்கள். அப்படித் தெரிந்தவர்களிலும் மூன்றில் ஒரு பங்கினர் அதை உரிய இடத்துக்கு அறிவிக்கவில்லை. சட்டமும் முறைப்பாட்டு வழிகளும் நன்றாக எழுதி வைத்திருக்கும் நாட்டிலேயே நிலைமை இது.

எல்லாம் மறதி நோய் இல்லை

வேலையில் தடுமாறும் ஒருவரைக் கண்டவுடன் டிமென்சியா என்று முடிவுகட்டுவது, கவனிக்காமல் விடுவதைப் போலவே தீங்கானது. சிந்தனை மந்தமாவதற்குக் குணப்படுத்தக்கூடிய காரணங்கள் ஏராளம். தைரொயிட் சுரப்புக் குறைவு, பி12 விற்றமின் குறைவு, கட்டுப்படாத நீரிழிவு, நித்திரையில் மூச்சு நின்று நின்று வரும் கோளாறு, மனச்சோர்வு, குடி. நித்திரைக்கென்று தாங்களே எடுத்துப் போடும் குளிசைகளும் சில ஒவ்வாமைக் குளிசைகளும் கூட. மாதவிடாய் நிற்கும் காலத்தில் பல பெண்களுக்கு நித்திரையும் ஞாபகமும் ஒன்றாகக் குழம்புகின்றன. தாதியரில் மிகப் பெரும்பாலானோர் பெண்கள் என்றிருக்க, இதைப் பற்றி வைத்தியசாலைகளில் ஒருவரும் வாயே திறப்பதில்லை. தலையில் அடிபட்டுச் சில வாரம் கழித்து மூளைக்கு மேல் மெல்லக் கசியும் இரத்தமும் மறதி போலவே தோன்றும். மோட்டார் சைக்கிளில் காட்டுப் பாதையில் போய்வருகிற ஊழியரிடம் இதை மறக்காமல் கேட்கவேண்டும்.

அப்புறம் களைப்பு. 17 மணித்தியாலம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 சதவீத மதுசாரம் உள்ளவரின் அளவுக்கு இறங்குகிறது என்று 1997 இல் வெளியான பரிசோதனை ஒன்று காட்டியது. 24 மணித்தியாலம் என்றால் 0.10 சதவீதம். அமெரிக்காவின் பொஸ்ரனில் வைத்தியசாலை ஒன்றின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில், பழைய ஒழுங்கின்படி நீண்ட கடமை நேரங்களில் வேலை செய்த பயிற்சி வைத்தியர்கள், கடமை நேரம் சுருக்கப்பட்டபோது இருந்ததை விட 35.9 சதவீதம் கூடுதலான பாரதூரமான பிழைகளைச் செய்தார்கள். 2022 இன் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு எத்தனையோ வைத்தியர்களும் தாதியரும் நாட்டை விட்டுப் போனார்கள். அவர்களுடைய கடமை நேரம் போகாதவர்களின் தலையில்தான் விழுந்தது. இரண்டு பேரின் வேலையை ஒருவர் பார்க்கும் இடத்தில், ஐம்பத்தைந்து வயதுத் தாதி ஒருவர் மறந்துபோகிறார் என்றால், அவருடைய மூளையைப் பரிசோதிக்க முதல் அவருடைய கடமைப் பட்டியலைத்தான் பரிசோதிக்க வேண்டும்.

யுத்தத்தையும் இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவின் முன்னாள் படையினர் ஒரு லட்சத்து எண்பதாயிரம் பேருக்கு மேல் ஏழு வருடங்கள் தொடர்ந்து அவதானித்த ஆய்வு 2010 இல் வந்தது. நெருக்கீட்டுக்குப் பிந்திய மன வடுவுடன் இருந்தவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு டிமென்சியா வந்தது. மற்றவர்களில் 6.6 சதவீதம். தலைக்காயமும் மனச்சோர்வும் டிமென்சியாவின் ஆபத்தைக் கூட்டுகின்றன என்பதை லான்செற் மருத்துவ இதழின் ஆணைக்குழுவும் ஏற்றுக்கொண்டிருக்கிறது. 2024 இல் அது வெளியிட்ட பட்டியலில் மாற்றக்கூடிய 14 காரணிகள் இருக்கின்றன. காது கேட்கும் திறன் குறைவு, பார்வைக்குறைவு, உயர் குருதி அழுத்தம், நீரிழிவு, தனிமை எல்லாம் அதில் அடக்கம். அந்த 14 ஐயும் சரிசெய்தால் உலகில் ஏற்படும் டிமென்சியாவில் 45 சதவீதம் வரை தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அதன் கணிப்பு. அமெரிக்கச் சிப்பாய்க்கு நடந்தது முல்லைத்தீவுத் தாதிக்கும் அப்படியே நடக்கும் என்று கணக்குப் போட முடியாது. ஆனால் 2009 இல் முப்பத்தைந்து வயதில் காயக்காரர் நடுவே நின்றவர்கள் இன்று ஐம்பதைத் தாண்டிவிட்டார்கள். செல் வெடிப்பில் காது மந்தமானவர்கள் அவர்களில் உண்டு. உறவுகளைப் பறிகொடுத்துவிட்டு மறு கிழமையே கடமைக்குத் திரும்பியவர்களும் உண்டு. அவர்களுக்கு ஒரு காதுப் பரிசோதனையாவது செய்து, தேவையானால் காதுக் கருவி கொடுப்பது பெரிய செலவில்லை. தொலைபேசியில் சொன்ன மருந்தளவைப் பிழையாகக் கேட்டு எழுதுவதை மறதி என்று எண்ணி ஒருவரை ஒதுக்குவது நடக்கக்கூடாத விஷயம்.

பரிசோதனையும் வயதெல்லையும்

அமெரிக்காவின் யேல் நியூ ஹேவன் வைத்தியசாலை, 70 வயது கடந்த மருத்துவப் பணியாளர்கள் பதவியைப் புதுப்பிக்க விண்ணப்பிக்கும்போது அறிதிறன் பரிசோதனை செய்யவேண்டும் என்று விதித்தது. பரிசோதிக்கப்பட்ட 141 பேரில் 18 பேரிடம், சுதந்திரமாக வேலை செய்வதைப் பாதிக்கக்கூடிய அளவுக்குக் குறைபாடு காணப்பட்டது. அதாவது 12.7 சதவீதம். இந்த முடிவு 2020 இல் வெளியானது. அதே வருடம், இது வயதின் பெயரால் பாகுபாடு காட்டுவது என்று அந்நாட்டின் சம வேலைவாய்ப்பு ஆணைக்குழு அந்த வைத்தியசாலைமீது வழக்குப் போட்டது. இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. எட்டில் ஒருவர் என்பது கண்ணை மூடிக்கொள்ளக்கூடிய எண்ணிக்கை அல்ல. மற்ற ஏழு பேரை வயதுக்காக மட்டும் சந்தேகிப்பதும் சரியல்ல.

நம் நாட்டில் 2022 இல் அரச ஊழியர்களின் ஓய்வு வயதை 60 ஆகக் குறைத்தார்கள். வைத்தியர்களுக்கு மட்டும் அது பிறகு 63 ஆனது. இந்த எல்லைகள் எல்லாம் பணத்தையும் ஆளணியையும் வைத்துத்தான் பேசப்பட்டன, ஒருவரின் திறமையை வைத்து அல்ல. அரச சேவையில் ஓய்வுபெற்றவர் அடுத்த நாளே தன் தனியார் டிஸ்பென்சரியில் உட்காரலாம். எழுபதைத் தாண்டியும் உட்காரலாம். அங்கே தாதியும் இல்லை, பொறுப்பதிகாரியும் இல்லை. வன்னிக் கிராமங்களில் அந்த டிஸ்பென்சரி இல்லாவிட்டால் சனம் பஸ் பிடித்து நகரத்துக்குப் போகவேண்டும் என்பதும் உண்மை. அதனால்தான் வயதைக் காட்டி எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பும் யோசனையை என்னால் ஏற்க முடியவில்லை. அனுப்பினால் சில ஊர்களில் ஒருவரும் மிஞ்சமாட்டார்கள்.

காகிதப் பரிசோதனையை மட்டும் நம்பவும் முடியாது. மொன்றியல் அறிதிறன் மதிப்பீடு என்று ஒன்று உண்டு. மணிக்கூடு வரைவது, ஐந்து சொற்களை நினைவில் வைப்பது போன்றவை. மொத்தம் 30 புள்ளி, 26 க்குக் கீழே வந்தால் மேலும் பார்க்கவேண்டும். நிறையப் படித்தவர்கள் மூளை தேயத் தொடங்கிய பிறகும் இதில் 27, 28 எடுத்துவிடுவார்கள். படிப்பு ஒரு சேமிப்புப் போல நின்று குறையை மறைக்கிறது. அந்தப் பரிசோதனையைத் தாங்களே நூறு நோயாளிகளுக்குச் செய்த டொக்டருக்கோ விடைகள் மனப்பாடம். கனடாவின் ஒன்ராறியோ மாகாணம் எடுத்த வழி இதைவிடப் பயனுள்ளது. அங்கே வயது கூடிய வைத்தியரிடம் இன்னொரு வைத்தியர் நேரில் வந்து, அவர் எழுதிய நோயாளி அறிக்கைகளைப் புரட்டி, அவரோடு இருந்து கதைத்துப் பார்ப்பார். மூளையைப் பார்ப்பதைவிட வேலையைப் பார்ப்பது நல்லது.

இதை வன்னியில் வயது பார்க்காமல் எல்லோருக்கும் செய்யலாம். இரண்டு சிறு வைத்தியசாலைகளின் டொக்டர்கள் மாதத்தில் ஒரு பின்னேரம் ஒருவர் இடத்துக்கு மற்றவர் போய், குத்துமதிப்பாக இருபது கிளினிக் கொப்பிகளை எடுத்துச் சேர்ந்து பார்த்தால் போதும். புதிய கருவி வேண்டாம், கொழும்பின் சுற்றறிக்கையும் வேண்டாம். இருபத்தெட்டு வயதுக்காரரின் கொப்பியும் புரட்டப்படும் என்றால் ஐம்பத்தெட்டு வயதுக்காரருக்கு அவமானம் இல்லை. இன்சுலின், இரத்தம் உறையாமல் வைக்கும் வாபரின், மெத்தோட்ரெக்சேட், சிறுபிள்ளைகளின் அளவுகள் போன்றவற்றை மட்டுமாவது இரண்டு பேர் உரக்க வாசித்துச் சரிபார்த்த பிறகு கொடுக்கும் வழக்கத்தையும் சேர்க்கலாம். அங்கே சிற்றூழியர் ஒருவர் “ஐயா, பத்தா, நூறா?” என்று கேட்டால் அது மரியாதைக் குறைவாக எடுக்கப்படாது என்று பொறுப்பு வைத்திய அதிகாரி எல்லோர் முன்னாலும் சொல்லிவைக்க வேண்டும். அவர் சொன்னால்தான் கேட்பார்கள்.

உண்மையாகவே குறைபாடு என்று தெரிந்தால் வேலையை முழுதாகப் பறிக்கவேண்டியதும் இல்லை. இரவுக் கடமையை நிறுத்தலாம். அவசரப் பிரிவிலிருந்து கிளினிக்குக்கு மாற்றலாம். இளம் டொக்டர்களுக்குப் பாம்புக்கடி பற்றியும் இந்த மண்ணின் காய்ச்சல்கள் பற்றியும் சொல்லிக்கொடுக்க அவரைவிட யார் இருக்கிறார்கள்? ஆனால் மேலதிக நேரக் கொடுப்பனவை நம்பி வீட்டுக்கடனும் பிள்ளையின் படிப்பும் ஓடும்போது, இலகுவான கடமை என்பது வருமானத்தில் விழும் அடி. சம்பளத்தைப் பாதுகாக்காத எந்தத் திட்டத்திலும் ஒருவரும் தானாக முன்வரமாட்டார்கள்.

கவனித்த தாதி யாரிடம் போவது என்பதும் இன்றைக்குத் தெளிவாக இல்லை. டொக்டர்தான் பொறுப்பதிகாரி என்றால் அவரைப் பற்றி அவரிடமே சொல்ல முடியாது. ஒவ்வொரு பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனையிலும் இதற்கென்று ஒரு அதிகாரியின் பெயரும் தொலைபேசி இலக்கமும் சுவரில் ஒட்டியிருக்க வேண்டும். சொல்பவர் நோயின் பெயரைச் சொல்லத் தேவையில்லை, கண்டதைத் திகதியோடு சொன்னால் போதும்: இன்ன நாள் ஒரே கேள்வியை மூன்று தரம் கேட்டார், இன்ன நாள் இருபது வருடம் போன பாதையில் வழி தவறினார். அதைக் கேட்கும் அதிகாரி முதல் வேலையாக விளக்கக் கடிதம் கோரக்கூடாது. ஒரு மருத்துவப் பரிசோதனைக்கு நாள் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

அந்தப் பரிசோதனை அவர் வேலை செய்யும் மாவட்டத்தில் நடக்கவும் கூடாது. கிளிநொச்சி டொக்டர் ஒருவர் கிளிநொச்சி மனநலக் கிளினிக்கின் வாங்கில் தன் நோயாளிகளோடு உட்கார்ந்திருந்தால், பரிசோதனை முடிவு வர முன்னமே கதை அக்கராயன் தாண்டிப் போய்விடும். அவரை யாழ்ப்பாணத்துக்கோ அனுராதபுரத்துக்கோ அனுப்ப வேண்டும். போய்வரச் சம்பளத்தோடு லீவு வேண்டும். அன்றைக்கு ஓ.பி.டி. பார்க்கப் பதில் டொக்டர் ஒருவரும் வேண்டும். அந்தப் பதில் ஆளை யாராவது முன்கூட்டியே ஒழுங்கு செய்து வைக்காவிட்டால், ஒற்றை டொக்டர் உள்ள வைத்தியசாலையில் இருப்பவர் தன்னுடைய இரத்தப் பரிசோதனையைக் கூட அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போடுவார்.